கதவு நிலையில் ஒட்டிய பார்கோடு

அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் ஒரு நர்ஸ் மாத்திரை கொடுக்கும் முன் இரண்டு தடவை ஸ்கேன் செய்ய வேண்டும். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் ஒரு பார்கோடு, மருந்து உறையில் இன்னொன்று. இரண்டும் டாக்டர் எழுதிய உத்தரவோடு பொருந்தினால் கணினி வழிவிடும். பொருந்தாவிட்டால் எச்சரிக்கும். ஆள் மாறி மருந்து போவதைத் தடுக்க இதைவிட நேரான யோசனை கிடையாது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

2008-ல் ராஸ் கோப்பெல் என்ற சமூகவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஐந்து மருத்துவமனைகளில் இந்த முறை நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்து எழுதியது. நோயாளியின் கையில் மட்டும் இருக்க வேண்டிய பார்கோடுக்கு நகல் எடுத்துக் கதவு நிலையில் ஒட்டியிருந்தார்கள். கணினி வண்டியில் ஒட்டியிருந்தார்கள். ஸ்கேனரிலேயே ஒட்டியிருந்தார்கள். சில நர்ஸ்களின் இடுப்பு வளையத்தில் அந்த நகல்கள் தொங்கின. மொத்தம் 15 வகைக் குறுக்குவழிகள், அவற்றுக்கு 31 விதமான காரணங்கள் என்று பட்டியல் போட்டார்கள்.

அந்தக் காரணங்களைப் படித்தால் நர்ஸ்கள் மீது கோபம் வராது. மணிக்கட்டுப் பட்டையை நோயாளி மென்றிருப்பார், அல்லது அது ஊறிப்போயிருக்கும். மருந்து உறை கசங்கியோ கிழிந்தோ இருந்தால் ஸ்கேனருக்குப் பிடிபடாது. சில மருந்துகளில் பார்கோடே இல்லை. பேட்டரி தீர்ந்துபோகும். வைஃபை விட்டுவிட்டு வரும். திடீரென்று அவசர கேஸ் வரும். இத்தனைக்கும் நடுவில் எட்டு மணி மருந்தை எட்டு மணிக்குக் கொடுத்தாக வேண்டும்.

மருத்துவமனைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் மென்பொருள் வடிவமைப்பது என் தொழில். கோயம்புத்தூரில் இருந்து செய்கிறேன். இந்தத் துறைக்கு வருகிற இளைஞர்களிடம் நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைத்தான் இங்கே விரிவாக எழுத நினைக்கிறேன். ஒரு தகவலைப் பதிவு செய்கிறவருக்கு அந்தப் பதிவால், அந்த இடத்திலேயே, அவருடைய சொந்த வேலைக்கு ஏதாவது ஒன்று திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டாலும் பதிவு நடக்கும், ஏனென்றால் மேலிடம் கேட்கும். ஆனால் அந்தப் பதிவை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது.

ஸ்கேன் செய்வதால் நர்ஸுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறதுதானே என்று கேட்கலாம். கிடைக்கிறது. பாஸ்டனில் இருக்கும் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. நேரம் தவறுவது நீங்கலாக, மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகள் பார்கோடு இல்லாத வார்டுகளில் 11.5 சதவீதம், இருந்த வார்டுகளில் 6.8 சதவீதம். யோசனை பலிக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்கேனர் பார்கோடைப் படிக்காத அந்த ஒரு நிமிடத்தில் நர்ஸுக்குக் கிடைப்பது தாமதம் மட்டும்தான். அந்த நிமிடத்துக்கு என்ன செய்வது என்று வடிவமைத்தவர்கள் யோசிக்கவில்லை. நர்ஸே யோசித்துக்கொண்டார். ஒரு வார்டில் குறுக்குவழியைப் பார்த்தால் நிர்வாகம் மெமோ கொடுக்க நினைக்கும். வடிவமைக்கிறவர் நோட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டும். எந்த இடத்தில் வேலை பாக்கி இருக்கிறது என்று அதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள்.

நம் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் இரவு டியூட்டியின்போது கூட இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இப்படித்தான் நடக்கிறது. சிஸ்டர் ஒவ்வொரு படுக்கையாகப் போய் பிபி, பல்ஸ், டெம்பரேச்சர், ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்க்கிறார். கையுறை வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் படுக்கை எண்ணோடு எழுதிக்கொள்கிறார். கணினி இருப்பது நர்சிங் ஸ்டேஷனில். அதில் ஒருவருடைய வைட்டல்ஸ் பக்கத்துக்குப் போக நோயாளி எண்ணை அடித்து, வார்டைத் தேர்ந்தெடுத்து, தேதியைத் தேர்ந்தெடுத்து, எண்களை நிரப்பி, சேமி என்று அழுத்த வேண்டும். சேமித்ததும் திரை முதல் பக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. அடுத்த படுக்கைக்கு மறுபடி முதலிலிருந்து. அதனால் விடியற்காலையில், ஷிப்ட் மாறுவதற்கு முன்னால், அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொத்தமாக ஏற்றுகிறார்.

கணினியில் பார்த்தால் வார்டு முழுக்க ஒரே நேரத்தில் வைட்டல்ஸ் பார்த்த மாதிரி இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு பிபி இறங்கியிருந்தால் அது அட்டைக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியும். கணினிக்கு விடிந்தால்தான் தெரியும். இன்னொன்றையும் கவனித்தேன். மூச்சு எண்ணிக்கை மட்டும் ஏறக்குறைய எல்லோருக்கும் 18 அல்லது 20. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டிய வேலை அது. அந்த எண்ணை எழுதினால் யாரும் எதுவும் செய்வதில்லை. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதுகூட இல்லை. அப்புறம் யார் நின்று எண்ணுவார்கள்?

இத்தனைக்கும் ஒரு நோயாளியின் நிலைமை மோசமாகப் போகிறது என்பதை முன்கூட்டிக் காட்டுகிற அறிகுறிகளில் மூச்சு எண்ணிக்கை முக்கியமானது. பிரிட்டனில் இந்தச் சிக்கலை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பது ஒவ்வொரு வடிவமைப்பாளரும் படிக்க வேண்டிய பாடம். லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசீஷியன்ஸ் 2012-ல் நியூஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. 2017-ல் அதைத் திருத்தி நியூஸ் 2 ஆக்கினார்கள். மூச்சு, ஆக்சிஜன் அளவு, மேல் பிபி, நாடித்துடிப்பு, சுயநினைவு, வெப்பநிலை என்று ஆறு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். வெளியிலிருந்து ஆக்சிஜன் வைத்திருந்தால் இன்னும் 2. மூச்சு எண்ணிக்கை 12 முதல் 20 வரை இருந்தால் 0, 21 முதல் 24 வரை போனால் 2, 25-ஐத் தொட்டால் 3. மொத்தம் 5 வந்தால் அவசரமாக டாக்டர் வந்து பார்க்க வேண்டும். 7 வந்தால் தீவிர சிகிச்சைத் திறமை உள்ள குழுவே வர வேண்டும்.

கணக்காகப் பார்த்தால் இது வெறும் கூட்டல்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு ஸ்டாஃப் நர்ஸை நினைத்துப் பாருங்கள். ராத்திரி மூன்று மணி. “இந்தப் பாட்டியைப் பார்த்தால் சரியில்லை மாதிரி இருக்கு டாக்டர்” என்று சொல்லி ஒருவரை எழுப்புவதற்கு அவருக்குத் தைரியம் வராது. “மதிப்பெண் 7 வந்திருக்கு டாக்டர்” என்று சொல்ல வரும். அவர் மூச்சை எண்ணி எழுதினார், பதிலுக்கு டாக்டரை எழுப்புகிற உரிமை அவர் கைக்கு வந்தது. அந்த உரிமை கிடைக்கும் என்று தெரிந்த இடத்தில் மூச்சை உண்மையாக எண்ணுவார்கள். நான் வடிவமைக்கிற திரைகளில் இப்போது வைட்டல்ஸ் போடுகிற இடத்திலேயே, சேமிக்கும் முன்பே, இந்த மதிப்பெண் பெரிதாகத் தெரியும்படி வைக்கிறேன். படுக்கையிலிருந்து படுக்கைக்கு ஒரே விரல் தள்ளலில் போக வேண்டும் என்பதையும் விட்டுக்கொடுப்பதில்லை.

இதே மருத்துவமனை மென்பொருள்களில் பில்லிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. எத்தனை சிரிஞ்சு, எத்தனை ஜோடி கையுறை, எந்த நாள் எந்த டாக்டர் வந்து பார்த்தார், எல்லாம் துல்லியமாக இருக்கும். அங்கே இருப்பவர்கள் அதிக ஒழுக்கமானவர்கள் என்று சொல்ல முடியாது. எழுதினால் காசு வரும், விட்டால் அன்று சாயங்காலமே கேள்வி வரும்.

மெடிக்கல் ஷாப்பிலும் இதே கதைதான். அங்கே பில் போடுகிற கணினியில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் எவ்வளவு கவனமாக ஏற்றப்படுகின்றன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். காலாவதி நெருங்கும் சரக்கை நேரத்தோடு எடுத்து அனுப்பினால் ஸ்டாக்கிஸ்ட் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கழித்துக்கொடுப்பார். தேதி தப்பாக ஏறியிருந்தால் நஷ்டம் கடைக்காரருக்கு. அந்த ஒரு காரணத்தால், பல மருத்துவமனைகளின் உள் ஸ்டோரை விடத் தெருமுனை மருந்துக் கடையின் இருப்புக் கணக்கு நம்பகமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். 2023 ஆகஸ்ட் 1 முதல் நாட்டில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் க்யூஆர் குறியீடு இருக்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண் எல்லாம் அதில் இருக்கும். போலி மருந்தைப் பிடிக்க வந்த ஏற்பாடு. ஆனால் சரக்கு வந்ததும் அந்தக் குறியீட்டை ஒரு தடவை காட்டினால் பேட்சும் தேதியும் தானாக ஏறிவிடும் என்று மென்பொருள் செய்து கொடுத்தால் கடைக்காரர் தன் வசதிக்காகவே ஒவ்வொரு அட்டையையும் ஸ்கேன் செய்வார். போலியைப் பிடிக்கிற வேலை அதோடு சேர்ந்து நடந்துவிடும்.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் வராது என்று சொல்பவர்களுக்கு நான் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைக் காட்டுவேன். 1994 ஜூலையில் பதிவான நிறுவனம், 1995 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்குகிறது. மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு விலையைக் குறைத்தது பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். வடிவமைப்பவனாக எனக்குப் பிடித்தது அவர்களுடைய பாஸ்புக்.

ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அந்த ஆண்டுக்கு அந்த நிலையத்துக்கு ஒதுக்கிய தொகை அதில் வரவாக இருக்கும். மாவட்டத் தலைமையிடத்தில் இருக்கும் மருந்துக் கிடங்குக்குப் போய், பட்டியலில் உள்ள மருந்துகளில் தங்களுக்கு எது எவ்வளவு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததன் மதிப்பு கழிந்து, மிச்சம் எவ்வளவு என்று பாஸ்புக்கில் ஏறும். இதற்கு முந்தைய வழக்கம் என்று பொதுவாக எல்லா இடத்திலும் இருந்தது என்ன? மேலே ஒருவர் ஒதுக்குவார், கீழே வருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டதில் பாதிதான் வரும் என்று தெரிந்தால் இண்டெண்டை, அதாவது தேவைப் பட்டியலை, இரண்டு மடங்காகப் போடுவார்கள். அந்த இண்டெண்டைப் பார்த்து மேலே இருப்பவர் அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போடுவார். பொய்யின் மேல் பொய்யாக வளரும் கணக்கு.

பாஸ்புக் வந்ததும் இண்டெண்டுக்கு விலை வந்துவிட்டது. தேவையில்லாத இருமல் மருந்தை அள்ளிக்கொண்டு போனால் நம் கணக்கில்தான் குறையும், மழைக்காலத்தில் ஆன்டிபயாட்டிக்குக்குப் பணம் இருக்காது. அதனால் பார்மசிஸ்ட் தன் நிலையத்தின் தேவையை உண்மையாகக் கணக்குப் போட ஆரம்பித்தார். எந்த மாவட்டத்தில் எந்த மருந்து எவ்வளவு ஓடுகிறது என்ற தகவலும் கிடங்குகளின் கணினி வழியாகச் சென்னைக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. யாரிடமும் தனியாக ஒரு படிவம் நிரப்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தரப் பரிசோதனையும் இதே போல நிதானமாக யோசித்துச் செய்தது. ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயர் தெரியாதபடி மறைத்து, குறியீட்டு எண் போட்டுத்தான் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதைப் பின்பற்றித் தங்கள் கழகங்களை அமைத்தன. இந்த ஏற்பாட்டின் மூளை ஒரு சாதாரணக் கணக்குப் புத்தகம். கணினி அதற்குத் துணை.

அதைவிடச் சிறிய ஒரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் மருத்துவத் துறையில் இதுவரை வந்த ஸ்மார்ட் கருவிகளில் முதலிடம் அதற்குத்தான். பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. தடுப்பூசிக் குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். 1996-ல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில்தான் முதலில் வந்தது. சதுரத்தில் இருக்கும் வேதிப்பொருள் வெப்பம் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும், ஒரு தடவை கறுத்தால் திரும்ப வெளுக்காது. தொழிற்சாலையிலிருந்து கிளம்பியதிலிருந்து அந்தக் குப்பி பட்ட வெயில் மொத்தத்தையும் அந்தச் சதுரம் கூட்டி வைத்திருக்கிறது. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ ஒதுக்கிவிட வேண்டும்.

புதன்கிழமை தடுப்பூசி நாளன்று ஐஸ் பேக் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிற கிராம சுகாதார செவிலியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். குப்பியைக் கையில் எடுத்ததும் முதலில் அங்கேதான் பார்ப்பார். பஸ் நேரமாகிவிட்டதா, வழியில் பெட்டி வெயிலில் நின்றதா, போன வாரம் குளிர்பெட்டிக்குக் கரண்ட் போனதா என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தக் குழந்தைக்கு இந்தக் குப்பியைப் போடலாமா என்ற ஒரு கேள்விக்குப் பதில், கேட்கிறவரின் கையிலேயே இருக்கிறது. பொருளுக்கு ஒரு எல்லையும் உண்டு. வெப்பத்தைத்தான் அது காட்டும், உறைந்துபோனதைக் காட்டாது. பென்டாவேலன்ட் போன்ற சில தடுப்பூசிகள் உறைந்தால் கெட்டுவிடும், அதற்குக் குலுக்கிப் பார்க்கிற சோதனை தனியாக இருக்கிறது.

குளிர்பெட்டிக்குள் நடப்பதைக் கவனிக்க வந்தது ஈவின் என்கிற அமைப்பு. மத்திய சுகாதாரத் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து 2015 வாக்கில் தொடங்கியது. தடுப்பூசி வைக்கும் பெட்டிக்குள் சிம் கார்டு போட்ட ஒரு வெப்பமானி. 2 முதல் 8 டிகிரிக்கு வெளியே போனால் பொறுப்பாளருக்குச் செய்தி வரும். இருப்புக் கணக்கை அவர் ஸ்மார்ட்போனில் ஏற்றுவார். இதிலும் எனக்குப் பிடித்தது, போனைக் கொடுப்பதோடு நிற்காமல் நோட்டுப் பதிவேட்டையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆக்கினார்கள் என்பதுதான். பதிவேட்டில் ஒரு வரிசை, போனில் வேறு வரிசை என்று இருந்தால் என்ன ஆகும் என்று களத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். நம் செவிலியர்கள் பல வருஷமாகச் சொல்லிவரும் குறையே இதுதான். ஒரே கர்ப்பிணியின் ஒரே விவரத்தைப் பதிவேட்டில் ஒரு தடவை, ஆன்லைனில் ஒரு தடவை, மாத அறிக்கையில் ஒரு தடவை எழுதுகிறார்கள். அவர்களுடைய நேரத்தை இப்படிச் செலவழிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

பதில் சொல்லாத இயந்திரம் என்ன செய்யும் என்பதற்கு இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் உதாரணம் தெராக்-25. கனடாவின் அரசு நிறுவனமான ஏஇசிஎல் செய்த கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி. 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது, அதில் உயிர்கள் போயின. அவற்றில் ஒன்று டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் ஊரில் நடந்தது. இயக்குபவர் எலெக்ட்ரான் சிகிச்சைக்கு ‘இ’ என்று அடிப்பதற்குப் பதில் எக்ஸ்ரேக்கு உரிய ‘எக்ஸ்’ என்று அடித்துவிட்டார். உடனே கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்தினார். பழகிய கை, சில வினாடிகளில் முடிந்துவிட்டது. உள்ளே காந்தங்களைச் சரிசெய்ய இயந்திரத்துக்கு எட்டு வினாடி தேவை, அதற்குள் செய்த திருத்தத்தை மென்பொருள் கவனிக்கவே இல்லை. திரையில் “கோளாறு 54” என்று வந்தது. அப்படி என்றால் என்ன என்று இயக்குபவருக்கு விளங்கும்படி கையேட்டிலும் இல்லை. இந்த மாதிரி கோளாறு எண்கள் அடிக்கடி வருவதும், ‘பி’ என்ற விசையைத் தட்டினால் வேலை தொடர்வதும் வழக்கம். தட்டினார். முந்தைய மாடலில் இதைத் தடுக்கும் வன்பொருள் பூட்டுகள் இருந்தன, இதில் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயக்குபவரும் சேர்ந்து உட்கார்ந்து, அதே வேகத்தில் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துத்தான் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். நிறுவனத்தின் பொறியாளர்களால் அதுவரை அதை வரவழைக்கக்கூட முடியவில்லை. அவர்கள் அவ்வளவு வேகமாக அடிக்கவில்லை.

இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவுக் காலத்திலும் இதே பள்ளத்தில்தான் விழுகிறோம். நீரிழிவால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் நிரலை கூகுள் உருவாக்கி 2016-ல் ஆய்வு வெளியிட்டது. அந்த நிரலைப் பயிற்றுவித்த படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் உண்டு. நிரலின் திறமையில் குறை சொல்ல முடியாது. 2018 கடைசியில் அதைத் தாய்லாந்தின் பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 கிளினிக்குகளில் வைத்தார்கள். வந்த படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது, கணிக்க முடியாது என்று நிரல் தள்ளிவிட்டது.

தவறு நர்ஸ்களிடம் இல்லை. விழித்திரைப் படம் எடுக்க அறை இருட்டாக இருக்க வேண்டும். பல கிளினிக்குகளில் இருட்டாக்கக்கூடிய தனி அறையே கிடையாது, மற்ற பரிசோதனைகள் நடக்கிற இடத்திலேயே இதுவும் நடந்தது. இணையம் மெதுவாக இருந்ததால் வரிசை நீண்டது. படம் தள்ளப்பட்டால் அந்த நோயாளி வேறு ஊரில் உள்ள கண் மருத்துவரிடம் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்ல வேண்டியவர் நர்ஸ். தன் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற படத்தை இயந்திரம் ஏன் தள்ளியது என்று அவருக்கே தெரியாது. இந்த விவரங்களை மறைக்காமல் 2020-ல் கூகுள் குழுவே வெளியிட்டது, அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

அரவிந்த் தன் கிராமப்புறப் பார்வை மையங்களில் செய்வதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அங்கே பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதித்து, படமும் விவரமும் ஏற்றுகிறார். தலைமை மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நோயாளி கிளம்புவதற்குள் திரையில் வந்து நேரில் பேசுகிறார். படத்தில் சந்தேகம் இருந்தால் இந்தப் பக்கம் திருப்புங்கள், இன்னொன்று எடுங்கள் என்று சொல்ல ஒரு மனிதர் மறுமுனையில் இருக்கிறார். நிரல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வந்தாலும் மறுமுனையில் இருந்து வருகிற அந்தப் பேச்சை வடிவமைப்பிலிருந்து எடுத்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். “மங்கலாக இருக்கிறது, விளக்கை அணைத்துவிட்டு இன்னொன்று எடுங்கள்” என்று நிரலே சொல்லியிருந்தால்கூடப் பாதி நோயாளிகள் வெளியூர் போக வேண்டியிருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் இப்போது நடக்கிற பெரிய வேலை ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் அவருடைய மருத்துவ விவரங்களை இணைக்க 14 இலக்க ஆபா எண். எதற்கு இந்த எண் என்று மக்கள் கேட்டபோது யாரிடமும் சுருக்கமான பதில் இல்லை. 2022 அக்டோபரில் டெல்லியின் லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு சின்ன வசதி செய்தார்கள். ஓ.பி. கவுண்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்தால், ஆபா கணக்கில் இருக்கும் பெயர், வயது, முகவரி கவுண்டருக்குப் போய், டோக்கன் எண் கைக்கு வந்துவிடும். நீண்ட வரிசையில் நின்று சீட்டு எழுத வேண்டியதில்லை. அந்த வசதி மற்ற மாநிலங்களுக்கும் வேகமாகப் பரவியது. விளம்பரங்களால் நகராத எண்ணைச் சீட்டு வரிசை நகர்த்தியது.

நோயாளிக்கு ஒரு காரணம் கொடுத்தாயிற்று. டாக்டருக்கு இன்னும் கொடுக்கவில்லை. 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-ல் வந்த ஆய்வில், ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி. நம் நாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் ஸ்வீடனுக்குச் செய்த திரையை வைத்துக்கொண்டு, பத்துக் கட்டங்களை நிரப்புங்கள் என்றால் அவர் ஓ.பி. சீட்டிலேயே எழுதுவார். அவர் எழுதுவதுதான் சரி.

அவருக்கு என்ன திரும்பக் கிடைக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டு வேலை செய்வது இதை வைத்துத்தான். டோக்கன் எண்ணைத் தொட்டதும் போன தடவை எழுதிய மருந்துகள் மேலே வர வேண்டும். சர்க்கரை, பிபி நோயாளிகள் ஓ.பி.யில் கணிசமாக இருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு அதே மருந்து தொடரும். ஒரு தொடலில் அது புதிய சீட்டாக வேண்டும். கடைசி மூன்று சர்க்கரை அளவுகள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று தேடாமல் தெரிய வேண்டும். அச்சாகிற சீட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் நம் ஊரில் எல்லோருக்கும் புரிகிற 1-0-1 இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், ராத்திரி ஒன்று என்று அது தெரியும். மருந்துக் கடைக்காரருக்கும் தெரியும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது தமிழில் பெரிய எழுத்தில் வர வேண்டும். இதைச் செய்து கொடுத்தால் டாக்டருக்குக் கைவலி மிச்சம், நோயாளிக்குக் குழப்பம் மிச்சம். எந்த நோய்க்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மாவட்டத் தலைமையிடம் கேட்கிற கணக்கும் யாரும் தனியாக உட்கார்ந்து எழுதாமலே சேர்ந்துவிடும். இப்போது ஒரு சிறிய கிளினிக்கில் இதை ஓட்டிப் பார்க்கிறோம். ஓ.பி. நேரம் முழுக்க டாக்டர் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் எப்போது திரையை விட்டுவிட்டுப் பேனாவை எடுக்கிறார் என்பதை மட்டும் எழுதி வருகிறேன். இந்த வாரப் பட்டியலில் முதலில் இருப்பது சிரப் அளவு. குழந்தைகளுக்கு எடையை வைத்து மில்லி கணக்குப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் அவர் பேனாவைத்தான் எடுக்கிறார். அதை அடுத்து சரிசெய்ய வேண்டும்.